‘மருந்து’: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். ஆசிரியை, வயது 31. கொஞ்ச நாளாக எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இரவில் கைபேசியில் புதிய ஆய்வுச் செய்திகளாகத் தேடித் தேடி வாசிப்பேன். மூளைக்குள் பிளாஸ்ரிக் துகள், இரத்தக் குழாய்க்குள் பிளாஸ்ரிக் துகள், எங்கள் கிணறுகளில் உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று. கிணற்றுத் தண்ணீரை விட்டுப் போத்தல் தண்ணீருக்கு மாறினேன். போத்தலிலும் பிளாஸ்ரிக் என்றார்கள். இப்போது அம்மா கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தருகிறார், அதற்கும் சண்டை. வீட்டில் அண்ணியின் மூன்று மாதக் குழந்தை வேறு. எனக்கு நித்திரை வருவதில்லை. இவ்வளவு ஆராய்ச்சியால் யாருக்காவது ஏதாவது நன்மை நடந்திருக்கிறதா?

மனநலம் பற்றியும் இப்போது அளவுக்கு மிஞ்சிப் பேசுகிறார்கள். போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் மருந்து குடித்தான். காப்பாற்றிவிட்டார்கள். வீட்டில் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கவில்லையாம். அம்மா, ஐயா ஆட்கள் எவ்வளவைப் பார்த்தவர்கள். இப்போது உள்ளதுகளுக்கு மனத்திடம் இல்லை, அவ்வளவுதான். இதற்கும் ஆராய்ச்சி வேண்டுமா?

சு.

அன்புள்ள சு.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஊர் வீட்டில் ஐயாவின் தோட்டக் கொட்டிலை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மண்வெட்டிப் பிடிகள், இத்துப்போன துலாக்கயிறு, பூட்டிய றங்குப்பெட்டி ஒன்று, எல்லாவற்றுக்கும் பின்னால் மருந்தடிக்கிற மெசின். அதைத் தூக்கி முற்றத்தில் வைக்க எனக்கு அரை நாள் பிடித்தது. பெரிய பாரம் ஒன்றுமில்லை. இரவு வந்து பார்த்தால் உங்கள் கடிதம். ஆகவே கேட்டதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பிளாஸ்ரிக்கை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் வாசித்தது 2024 மார்ச்சில் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த இத்தாலிய ஆய்வாக இருக்கவேண்டும். கழுத்து நாடியில் படிந்திருந்த கொழுப்பை அறுத்தெடுத்த 257 பேரைப் பின்தொடர்ந்தார்கள். 58 வீதமானவர்களின் படிவில் பொலித்தீன் இருந்தது. துகள் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுக்குள் மாரடைப்போ, பக்கவாதமோ, மரணமோ வரும் ஆபத்து மற்றவர்களைவிட நாலரை மடங்கு. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் துகள்தான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை, எழுதியவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். 2025இல் வந்த மூளை ஆய்வில் அளந்த முறையைப் பற்றியே கேள்வி எழுந்தது. மூளையின் கொழுப்பும் அந்தச் சோதனையில் பொலித்தீன் போலத் தெரியக்கூடும் என்கிறார்கள். சரி, சூடான சொதியைப் பொலித்தீன் பையில் கட்டி வாங்காதீர்கள். அதற்கு மேல் இந்த ஆய்வுகள் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரவு இரண்டு மணிவரை முழித்திருக்கச் சொல்லிக் கட்டாயம் கேட்கவில்லை.

கிணற்றுக்குப் பிறகு வருகிறேன்.

“மனத்திடம் இல்லை, அவ்வளவுதான்.” நீங்கள் ஒரு ஆசிரியை. உங்கள் வகுப்பில் முப்பது பிள்ளைகளாவது இருப்பார்கள். இந்த ‘அவ்வளவுதான்’ எனக்குக் கோபத்தைத் தந்தது. முதல் தடவையாக இதைக் கேட்கவில்லை என்பதால் இன்னும் கூடத் தந்தது.

1982. எனக்குப் பத்து வயது, சின்னம்மாவுக்குப் பத்தொன்பது. தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிற நாட்கள். காலையில் அம்மம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சண்டை. தையல் வகுப்புக்குப் போகவேண்டாம் என்பது சண்டை. முந்தின கிழமையும் அதே சண்டைதான். சின்னம்மா அழுதார், முகம் கழுவினார், என்னை இருத்தி இரட்டைப் பின்னல் பின்னிவிட்டார். ஒரு பக்க ரிபன் சரிந்திருந்தது, அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நான் புத்தகப் பையோடு வெளிக்கிட்டேன். பள்ளிக்கூடச் சந்தியை நான் எட்டுவதற்குள் என்னைக் கூப்பிட ஆள் ஓடிவந்துவிட்டது. ரிபன் கட்டியதற்கும் அதற்கும் இடையில் எத்தனை நிமிடம் என்று இந்த வயதிலும் சில இரவுகளில் கணக்குப் பார்ப்பேன்.

பழைய ஒஸ்ரின் கார் ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காரில் சின்னம்மா, “என்னைக் காப்பாத்துங்கோ, நாளைக்கு வெங்காயம் கிண்டவேணும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக அம்மா சொல்வார். அடுத்த நாள் வெங்காயம் கிண்டவில்லை. செத்தவீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் வெற்றிலையை மடித்தபடி, “மனத்திடம் இல்லாத பிள்ளை” என்றார். உங்களுடைய வசனமேதான். அவருக்கு ஆராய்ச்சி எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் கையில் கைபேசி இருக்கிறது.

சின்னம்மா குடித்த பீடைகொல்லியை நாங்கள் ‘மருந்து’ என்றுதான் சொல்கிறோம், கவனித்தீர்களா? வெங்காயத்துக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, குண்டுக்குள் இருந்ததும் வெடிமருந்து. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு காலமும் தோட்டமும் செய்து, ஆஸ்பத்திரிக்கும் போய், சண்டையும் பிடித்திருக்கிறோம்.

ஆராய்ச்சியால் யாருக்கு நன்மை என்று கேட்டீர்கள். இந்த நாட்டுக்கு நடந்த நன்மை ஒன்றைச் சொல்கிறேன். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்தார்கள். அப்போது உலகத்திலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று. பெரும்பகுதி பீடைகொல்லியால். பராத்தியன் வகைப் பீடைகொல்லிகளை 1984இலேயே நிறுத்தியிருந்தார்கள். 1995இல், உலக சுகாதார நிறுவனம் முதலாம் வகுப்பு நஞ்சு, அதாவது மிக ஆபத்தானது, என்று பிரித்துவைத்தவற்றில் மிச்சம் இருந்தவற்றையும் நிறுத்தினார்கள். ஒன்றை நிறுத்த அந்த இடத்துக்கு இன்னொன்று வந்தது. 1998இல் என்டோசல்பானை நிறுத்தினார்கள். 2008க்கும் 2011க்கும் இடையில் மேலும் மூன்று. 2015 அளவில் தற்கொலை ஏறத்தாழ 70 வீதம் குறைந்திருந்தது. இருபது ஆண்டில் 93,000 உயிர் தப்பியிருக்கலாம் என்று 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் கணக்குப் போட்டிருந்தார்கள். தோட்டக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார்கள்தான், என் ஐயாவும். ஆனால் அந்தத் தடைகளால் விளைச்சல் விழுந்ததாகத் தெரியவில்லை என்று 2008இல் ஒரு ஆய்வு வந்தது.

1995 என்றதும் நமக்கு வேறு ஞாபகம்தான் வரும். ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் இடம்பெயர்ந்த நாள். மழை, நாவற்குழிப் பாலம், தலையில் பெட்டியோடு சனம். அதே ஆண்டில் எங்கோ ஒரு மேசையில் ஒரு காகிதத்தில் யாரோ கையெழுத்து வைத்திருக்கிறார். அது எங்கள் தோட்டங்களுக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று நான் யோசிப்பதுண்டு. அந்தக் கையெழுத்தே சின்னம்மாவுக்குப் பதின்மூன்று வருடம் பிந்தி வந்தது, அது மட்டும் தெரியும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன், பொறுமையாக வாசியுங்கள். இந்த ஆண்டுகளில் சனத்தின் மனத்திடம் கூடவில்லை. பீடைகொல்லி குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை இறப்பைப் போலக் குறையவே இல்லை. வந்தவர்களில் சாகிறவர்கள் குறைந்தார்கள். அதே கோபம், அதே சண்டை, அதே வெட்கம், போத்தலில் இருந்தது வேறு. தப்பியவர்களிடம் கேட்டபோது, பலர் அரை மணித்தியாலத்துக்கும் குறைவாகவே யோசித்திருந்தார்கள். வீட்டில் கைக்கெட்டியது எதுவோ அதுவே அவர்களுடைய விதியாக இருந்திருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் 2004இல் ஒரு பிள்ளை அப்படிச் செய்தாள். சோதினை முடிவு வந்த நாள். அவளுக்கும் பத்தொன்பது வயது, அவளும் தகப்பனுடைய தோட்டப் போத்தலைத்தான் எடுத்தாள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தாள். இன்றைக்கு இரண்டு பிள்ளைகளின் தாய். குரல் நாலு வளவுக்குக் கேட்கும். போன கிழமைகூட எங்கள் மாமரக் கொப்பு தன்னுடைய பக்கம் சரிந்து நிற்கிறது என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். ஒருதடவை, அவளாகவே கதையை எடுத்தபோது, சொன்னாள்: “எனக்குச் சாகவேணும் எண்டு இல்லையக்கா. அந்த நேரம் வேண்டாம் எண்டு இருந்தது.” சின்னம்மாவைவிட இவளுக்கு மனத்திடம் கூட என்று என்னிடம் யாரும் சொல்ல வரவேண்டாம்.

(இன்றைய மருந்து ஆபத்தில்லாதது என்று இதை யாரும் வாசித்துவிடக்கூடாது. இன்றும் ஆட்கள் சாகிறார்கள். தப்பிய சிலர் உடம்பு கெட்டுக் கிடக்கிறார்கள்.)

சின்னம்மா போனபிறகு ஐயா மருந்துத் தகரங்களை றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை அரைநாண்கயிற்றில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். அவரளவில் அதுதான் செய்யக்கூடியது. அதையே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்கள், பாதிக் கிராமங்களில் வீடுவீடாகப் பூட்டுப்போடும் பெட்டி. முடிவு 2017இல் லான்செட்டில் வந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களில் நஞ்சு குடிப்பது குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனிதர் முப்பத்தைந்து வருடம் இடுப்பில் திறப்போடு திரிந்தார். பூட்டவேண்டியது வீட்டில் இல்லை, கடையில்.

அம்மா, ஐயா ஆட்கள் எவ்வளவைப் பார்த்தவர்கள் என்றீர்களே, அதற்கும் ஒன்று. 1980களில் யாழ்ப்பாணத்தில் போர் மூண்ட ஆண்டுகளில் தற்கொலை குறைந்தது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு வேலைசெய்த இன்னொருவரும் 1995இல் எழுதினார்கள். குண்டு விழுந்தால் திடம் கூடும், நின்றால் குறையும் என்றா எடுத்துக்கொள்வீர்கள்? 2009இல் போர் முடிந்து சில மாதங்களில் இதே மாவட்டத்தில் எடுத்த கணக்கெடுப்பில் 22 வீதமானவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. உங்கள் அம்மாவின் தலைமுறையும் அதற்குள்தான். அவர்கள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை.

அந்தப் பெடியனை நீங்கள் போய்ப் பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை, ஆகவே போகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஒழுங்கையில் எல்லாரும் அவனுடைய படலையைக் கடக்கும்போது குரலைக் குறைப்பார்கள், எனக்குத் தெரியும், 2004இல் நானும் குறைத்தேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஒரு சோதனை இருக்கிறது. கொழும்பும் சென்னையும் அதில் அடக்கம். தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழமையான வைத்தியம். மற்றதுக்கு வீடு போகுமுன் ஒரு மணித்தியாலப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதத்துக்குள் ஒன்பது தடவை ஒருவர் போயோ தொலைபேசியிலோ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது. வழமையான வைத்தியம் பெற்றவர்களில் 2.2 வீதமானவர்கள் பின்னர் தற்கொலை செய்துகொண்டார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 வீதம். மாத்திரை இல்லை, மெசின் இல்லை. நாங்கள் கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் கூப்பிடாமலே போகிற சனம், இதற்கு மட்டும் போகமாட்டோம்.

மோட்டார் சைக்கிள் சின்ன விஷயம் என்கிறீர்கள். தையல் வகுப்பும் சின்ன விஷயம்தான்.

கிணறு. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே அந்தச் சண்டையில் நீங்கள் வெல்கிறீர்கள். அதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லவேண்டாம். எங்களுடையது வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல், மேலே மெல்லிய செம்பாட்டு மண். போடுகிற உரமும் மலசலகூடக் குழியும் தடையில்லாமல் கீழே போகும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருக்கிறது. அதிகம் பயப்படவேண்டியது ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மாப்பால் கரைக்கிறவர்கள். குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். அண்ணி தாய்ப்பால் கொடுக்கிறாரென்றால் குழந்தையைப் பற்றிய கவலை முடிந்தது. மாப்பால் என்றால் பரிசோதித்த தண்ணீரில் மட்டும் கரைக்கச் சொல்லுங்கள். பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் கிணற்றுத் தண்ணீரை எங்கே சோதிப்பது என்று சொல்வார். போத்தல் தண்ணீரோடு உங்களுக்கு இருக்கிற பகை உங்கள் சொந்த விஷயம்.

நித்திரை வராதது ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அதையும் ஒரு வைத்தியரிடம் காட்டவேண்டும், தங்கச்சி. 1926 என்று ஒரு இலக்கம் இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தினுடையது, இரவிலும் எடுப்பார்கள். அளவுக்கு மிஞ்சிப் பேசுகிறார்கள் என்று நீங்கள் சொன்ன ஆட்கள்தான் அந்தப் பக்கம் இருப்பார்கள். கோபிக்காமல் பேசுவார்கள், என்னைப் போல இல்லை.

மெசினைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுக்க அம்மா சம்மதித்துவிட்டார். றங்குப்பெட்டி இன்னும் பூட்டியபடி கிடக்கிறது. திறப்பை ஐயாவின் இடுப்பிலிருந்து யாரும் கழற்றவில்லை, அப்படியே போய்விட்டது. வெள்ளிக்கிழமை பூட்டு உடைக்க ஆள் வருகிறான்.