கைப் பயிற்சிக்குக் கடைச் சாமான் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பக்கவாதத்தில் வலது கை பலவீனமாகிவிட்டது. விரல்கள் ஓரளவு அசைகின்றன. பயிற்சிச் சாமான்களை செட்டாக ஆன்லைனில் வாங்க இருந்தோம். வீட்டுக்கு வரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், "வீட்டில் இருப்பதே போதும், குப்பையைச் சேர்க்காதீங்க" என்கிறார். சிகிச்சையிலும் சுற்றுச்சூழல் பார்க்க வேண்டுமா?
- வாசகி, வேளச்சேரி

பதில்: நானும் அதே தொழில்தான், அதையேதான் சொல்லியிருப்பேன். அப்பாவின் சிகிச்சையில் அவர் எதையும் குறைக்கவில்லை. தன் வேலையை அப்பாவே செய்துகொள்ள வேண்டும், அதற்குத்தானே நாங்கள் வருகிறோம்? பிளாஸ்டிக் முளைகளை ஓட்டையில் செருகி எடுப்பதைவிட ஒரு கட்டு முருங்கைக்கீரை மேல். இடது கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஈர்க்கு ஈர்க்காக இலையை உருவச் சொல்லுங்கள். முதலில் கசங்கும், பாதி கீழே சிந்தும். சிந்தட்டும், பிடுங்கி நீங்கள் ஆய்ந்துவிடாதீர்கள். மதியம் அதே கீரையைப் பொரியலாக அவர் தட்டில் வையுங்கள். முளைப்பலகை இதைத் தராது.

ஸ்பூன் நழுவுகிறதா? பிடியில் பழைய காட்டன் துணியைச் சுற்றி, மேலே சைக்கிள் டியூப் துண்டை மாட்டுங்கள். துணியைக் கழற்றித் துவைக்கலாம்.

எங்களிடமும் பிளாஸ்டிக் உண்டு. கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் செய்யும் தகடு வெந்நீரில் இளகும். பேப்பரில் கையை வரைந்து வெட்டி, அளவு சரிபார்த்த பிறகே நான் தகட்டில் கத்தரி வைப்பேன். வீக்கம் வற்றினால் அதையே திரும்பச் சூடாக்கி வளைத்துத் தருவேன்.

குப்பையைச் சேர்க்காதே என்பது உங்கள் தெரபிஸ்ட்டின் சொந்தக் கொள்கை மட்டுமல்ல. 1952-ல் தொடங்கிய எங்கள் தொழிலின் உலகக் கூட்டமைப்பில் இந்தியா ஆரம்ப உறுப்பினர். அந்தக் கூட்டமைப்பு 2012-ல் சுற்றுச்சூழல் பற்றித் தன் நிலைப்பாட்டையும், 2018-ல் வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. மழைநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிக் கிடக்கும் பெருங்குடிக் குப்பைமேடு வேளச்சேரிக்காரர்களுக்குத் தெரியாததா? 2015 போல வெள்ளம் வந்தால், படி இறங்க முடியாத எங்கள் நோயாளிகள்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள். எனக்கு இது வேலையிலிருந்து பிரித்துப் பார்க்கிற விஷயமே இல்லை.

அதற்காக எதுவுமே வாங்காமல் இருக்காதீர்கள். பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி கட்டாயம் வேண்டும், அதில் சிக்கனம் கூடாது. வாக்கர் தேவைப்பட்டால் பாத்ரூம் கதவின் அகலத்தை டேப்பால் அளந்து தெரபிஸ்ட்டிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். கதவுக்குள் நுழையாமல் பரணுக்குப் போன வாக்கர்களை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன்.