கடல் குரங்கும் எக்ஸ்ரே கண்ணாடியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய புத்தகக் கடையில் அமெரிக்க காமிக்ஸ் ஒரு கட்டு கிடைத்தது. எல்லாம் 1960, 70களில் வந்தவை. கதைகளைவிட விளம்பரப் பக்கங்களைத்தான் என் மகள் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். ஒரு டாலருக்கு எக்ஸ்ரே கண்ணாடி, ஏழடி நீர்மூழ்கிக் கப்பல், தண்ணீரில் போட்டதும் உயிர் பெறும் ‘சீ மங்கீஸ்’. பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன வந்தது? எல்லாமே ஏமாற்றுதானா? சில இதழ்களில் கூப்பனை வெட்டி எடுத்திருக்கிறார்கள், அதனால் மதிப்பு குறையுமா? சீ மங்கீஸை வீட்டில் வளர்க்கலாமா என்று மகள் விடாமல் கேட்கிறாள்.

க., திருச்சி

அன்புள்ள க.,

எல்லாவற்றையும் ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கங்களில் படம் ஒன்று சொல்லும், எழுத்து இன்னொன்று சொல்லும். பொய் பெரும்பாலும் படத்தில்தான் இருக்கும். 6.98 டாலர் போலாரிஸ் நீர்மூழ்கி விளம்பரத்தில் ‘200 பவுண்டு டெஸ்ட்’ என்று வரும். பேக்கிங் தொழிலில் இருப்பவருக்கு அது உடனே பிடிபடும்: பெட்டி செய்யும் காருகேட்டட் (நெளி) அட்டையின் தரத்தைச் சொல்லும் எண் அது. வீட்டுக்கு வந்ததும் மடித்துப் பொருத்த வேண்டிய அட்டைதான். 1.98 டாலருக்கு வந்த ரோமானியப் படை பொம்மைகளும் தட்டை பிளாஸ்டிக்தான். ஆனால் விளம்பரத்துக்கு காமிக்ஸ் ஓவியர் ரஸ் ஹீத் வரைந்த போர்க்களம் அருமையானது. அதைப் பார்த்துப் பணம் அனுப்பிய பிள்ளைகளை எப்படிக் குறை சொல்வது?

எக்ஸ்ரே கண்ணாடி விளம்பரத்தை ஒரு லென்ஸ் வைத்துப் படியுங்கள். பார்வை மயக்கம் என்ற சொல் அதிலேயே அச்சாகியிருக்கும். பழைய கண்ணாடிகளில் லென்ஸே கிடையாது. இரண்டு அட்டைகள், நடுவே சிறு துளை, துளைக்குக் குறுக்கே ஒரு இறகுத் துண்டு, அவ்வளவுதான். நீங்களே செய்யலாம். இரண்டு அட்டைத் துண்டுகளில் ஒரே இடத்தில் 5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். புறா இறகில் நடுத்தண்டை விட்டுவிட்டு மெல்லிய பக்கத்தை மட்டும் வெட்டி, இடையில் வைத்து ஒட்டுங்கள். டியூப்லைட்டுக்கு எதிரே ஒரு பென்சிலைப் பிடித்துத் துளை வழியே பாருங்கள். ஓரங்கள் மங்கி, நடுவில் கருப்பாக ஒரு கோடு ஓடும். உள்ளே இருக்கும் கரிக்குச்சியே தெரிவதுபோல் இருக்கும். இறகின் நெருக்கமான இழைகள் ஒளியைச் சிதறடித்துப் பென்சிலை இரண்டு பிம்பமாக விலக்கிக் காட்டுகின்றன. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் கருமை, ஒன்று மட்டும் விழும் ஓரம் சாம்பல். விரலில் எலும்பு தெரிவதும் இப்படித்தான். ஒன்றும் தெரியாவிட்டால் அட்டையைக் கால் சுற்று திருப்புங்கள், பென்சில் நீளும் திசையிலேயே பிம்பம் விலகினால் வித்தியாசம் புலப்படாது. பின்னணி வெளிச்சம் குறைந்தாலும் தெரியாது. சூரியனை மட்டும் இதன் வழியே பார்க்கக் கூடாது.

கூப்பன் வெட்டிய இதழின் விலை கண்டிப்பாகக் குறையும். கூப்பனுக்குப் பின்பக்கம் கதைக் கட்டம் இருந்தால் கதையும் போயிற்று. கட்டில் 1974 நவம்பர் ‘ஹல்க்’ 181-ஆம் இதழ் இருந்தால் வாசகர் கடிதப் பக்கத்தை முதலில் பாருங்கள். வுல்வரின் என்ற சூப்பர் ஹீரோ முழுதாக அறிமுகமான இதழ் அது. அந்தப் பக்கத்தில் வெட்டிச் சேர்ப்பதற்கென்றே ஒரு ஸ்டாம்ப் அச்சிட்டிருந்தார்கள். அது இல்லாத பிரதிக்கும் இருக்கும் பிரதிக்கும் விலையில் பெரிய இடைவெளி. வெட்டிய இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், பசை காகிதத்தை மஞ்சளாக்கிவிடும்.

இனி மகளின் கேள்வி. அந்த விளம்பரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சீ மங்கீஸ்தான். படத்தில் மனிதர்போல் வரைந்திருந்த அந்தக் குடும்பத்தைவிட வந்து சேர்ந்த உயிர் பெரிய அதிசயம். ஹரால்டு வான் பிரான்ஹட் 1960-ல் இதை வேறு பெயரில் விற்கத் தொடங்கினார், எக்ஸ்ரே கண்ணாடியும் அவர் சரக்குதான். உயிர் ஆர்டீமியா, உப்புநீரில் வாழும் சின்னஞ்சிறு இறால் வகை. முட்டை காய்ந்தே ஆண்டுக்கணக்கில் கிடக்கும், உப்புநீர் பட்டால் பொரியும். ‘உடனே உயிர்’ என்பதற்குப் பின்னால் இருந்த சூட்சுமம்: தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொடி என்று முதலில் போடச் சொன்ன பொட்டலத்திலேயே உப்போடு முட்டையும் இருந்தது. ஒரு நாள் கழித்து ‘முட்டை’ப் பொட்டலத்தைக் கொட்டும்போது குஞ்சுகள் ஏற்கெனவே நீந்திக்கொண்டிருக்கும். அந்தப் பொட்டலத்தில் இருந்த சாயம் அவற்றைக் கண்ணுக்குக் காட்டியது.

தூத்துக்குடி உப்பளங்களிலேயே ஆர்டீமியா உண்டு. வண்ணமீன் கடையில் முட்டை கிடைக்கும். ஓடு நீக்கியதை வாங்கிவிடாதீர்கள், அது மீன் தீனி, பொரியாது. ஒரு நாள் திறந்து வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் கல் உப்பு, சிட்டிகை சமையல் சோடா. ஒரு கிராமில் இரண்டு லட்சம் முட்டைக்கு மேல் இருக்கும், ஆகவே மூக்குப்பொடி அளவில் பாதி போதும். வாய் அகன்ற பாத்திரம், நல்ல வெளிச்சம், ஆனால் நேர் வெயில் கூடாது. 24 முதல் 36 மணி நேரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் துள்ளும். மேலே மிதக்கும் பழுப்புத் தூள் வெறும் ஓடு.

முதல் நாள் தீனி வேண்டாம், கருவிலிருந்த சத்தே போதும். பிறகு ஊசிமுனை அளவு ஸ்பைருலினா (ஒரு வகைப் பாசி) பொடியைக் கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் தெளிந்த பிறகுதான் அடுத்த வேளை. அநேகம் பேர் தோற்பது இங்கேதான்: மிஞ்சிய தீனி அழுகி, மூச்சுக்குக் காற்றில்லாமல் ஒரே இரவில் எல்லாம் செத்துவிடும். தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீர் மட்டும் சேருங்கள், உப்பு ஆவியாகாது.

குஞ்சுக்கு ஒற்றைக் கண். சுமார் மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் வளரும்போது பக்கத்துக்கு ஒன்றாகக் காம்பு வைத்த கண்கள் வந்திருக்கும், பதினொரு ஜோடிக் கால்கள் அலைபோல அசையும். இவை வயிற்றை வெளிச்சத்தின் பக்கம் வைத்தே நீந்தும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்துக்கு அடியிலிருந்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். மல்லாந்து நீந்தியவை குப்புறத் திரும்பும்.