கிராமத்துக்குள் புகுந்து போகும் மெயின் ரோட்டுக்கு வேக வரம்பு எவ்வளவு வைக்கலாம்? யார் முடிவு செய்கிறார்கள்?

நான் இருப்பது பெங்களூரின் தென்கிழக்கு ஓரத்தில், சர்ஜாபுரத்துக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையில் ஒரு ஊர். (போர்டில் அத்திபெலே என்றிருக்கும். தமிழ்க்காரர்கள் வாயில் அது அத்திப்பள்ளிதான்.) ரோட்டுக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் பால் டைரி. காலையிலும் சாயங்காலமும் கேனைத் தூக்கிக்கொண்டு ஊரே ரோட்டைக் கடக்கும். எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் பறப்பதும் அதே நேரத்தில்தான். போன வருஷம் எதிர்வீட்டு அஜ்ஜிக்கு (பாட்டிக்கு) இடுப்பு எலும்பு முறிந்த பிறகுதான் நாங்கள் நாலு பேர் மனு எழுத உட்கார்ந்தோம்.

அப்போதுதான் தெரிந்தது, சட்டத்தின் கணக்கில் கிராமம் என்று ஒன்றே இல்லை. 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட வேக வரம்புப் பட்டியலில் எக்ஸ்பிரஸ்வே, நடுவில் தடுப்புள்ள நாலு வழிச் சாலை, நகராட்சி எல்லை, ‘மற்ற சாலைகள்’ என்று நான்கே கட்டங்கள். எங்கள் ரோடு கடைசிக் கட்டம். காருக்கு 70, பைக்குக்கும் லாரிக்கும் 60. இரண்டு பக்கமும் ராகிக் கொல்லையாக இருந்தாலும் அதே 70, வீட்டு வாசற்படி ரோட்டில் வந்து முட்டினாலும் அதே 70!

அதைக் குறைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவு வழி விடுகிறது. மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ அறிவிக்கை வெளியிட்டு, போர்டும் நட வேண்டும். அறிவிக்கை இல்லாமல் பஞ்சாயத்தே பெயிண்ட் அடித்து ‘30’ என்று எழுதி வைத்தால் அது வேண்டுகோள்தான், வரம்பு ஆகாது. மனுவை டி.சி. (மாவட்ட ஆட்சியர்) தலைமையில் நடக்கும் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுங்கள்.

நாங்கள் அங்கே சறுக்கியது ஒரே கேள்வியில். “எங்கிருந்து எங்கே வரைக்கும்?” என்றார் இன்ஜினியர். “ஊர் எல்லைக்குள்” என்று எழுதியிருந்தோம். ரெவின்யூ கணக்கில் ஊர் எல்லை தைலமரத் தோப்பு, கொல்லை எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டர் வரும். ஆளே இல்லாத இடத்தில் 30 போர்டைப் பார்த்த டிரைவர், டைரி வாசலில் இருக்கும் போர்டையும் மதிக்க மாட்டான். அந்த மனிதர் கேட்டது நியாயம்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வேக வரம்பைப் பொறுத்தவரை, ரோட்டோரம் 20 வீடாவது இருந்து, அது 600 மீட்டராவது நீண்டால்தான் கிராமம். அதைப் படித்துவிட்டு நாங்களும் நடந்து எண்ணினோம். ஏரிக்கரை முனையிலிருந்து அரசமரக் கட்டை வரை, ஏறக்குறைய 700 மீட்டர். மனுவில் அதைப் படமாகவே வரைந்து கொடுத்தோம்.

அடுத்து, எத்தனை வைப்பது? நூறு வண்டி போனால் 85 வண்டி எந்த வேகத்துக்குள் போகிறதோ அதையொட்டி வரம்பு வைப்பது பழைய பொறியியல் வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஓட்டுகிறவனைக் கேட்டாயிற்று, பால் கேனோடு நிற்கிறவளை யார் கேட்டது? ஆனால் வேகத்தை அளந்து வைப்பது நல்லது. ரோட்டில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு, ஓரமாக நின்று போனில் வீடியோ எடுங்கள். மூன்று செகண்டில் தாண்டினால் 60, இரண்டு செகண்டில் தாண்டினால் 90. எங்கள் வீடியோவைப் பார்த்த பிறகு கூட்டத்தில் யாரும் “சும்மா சொல்கிறீர்கள்” என்று சொல்லவில்லை.

ஆளைப் பார்த்து பிரேக் மிதிக்க ஒரு செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த ரோட்டில் நல்ல கார் 70இல் வந்து நிற்க ஏறக்குறைய 46 மீட்டர் வேண்டும். 50இல் 28, 30இல் 13. லோடு ஏற்றிய டிப்பருக்கு இன்னும் கூடும். நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கிற இடத்தில் 30 போதும் என்று 2020இல் உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஹம்ப் (வேகத்தடை) போட்டால் தீராதா என்று எங்கள் ஊரிலும் கேட்டார்கள். (கன்னடத்தில் ஹம்பை ‘ரஸ்தே உப்பு’ என்பார்கள், ubbu என்றால் புடைப்பு. ஊரிலிருந்து வந்த என் அம்மா, ரோட்டுக்கு எதற்கடா உப்பு என்றாள்.) சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவுப்படி ஹம்ப் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் உறுத்தாமல் ஏறி இறங்க வேண்டும். விபத்து நடந்த ராத்திரியே ஊர்ப் பையன்கள் கொட்டியது செங்குத்தான சிமெண்ட் மேடு. வெள்ளைக் கோடும் இல்லை, லைட்டும் இல்லை. அடுத்த வாரத்துக்குள் இரண்டு பைக் அதில் விழுந்தது. நாங்களே இடிக்க வேண்டியதாயிற்று.

கேட்டது 30, கிடைத்தது 40. ஏரிக்கரைப் பக்கம் ரம்பிள் ஸ்ட்ரிப்களும் (குலுங்க வைக்கும் அந்தத் தடித்த பட்டைகள்) போட்டார்கள். டிரைவர்கள் போர்டைப் பார்த்துக் குறைக்கிறார்களோ இல்லையோ, பட்டை குலுக்கும்போது குறைக்கிறார்கள். அரசமரப் பக்கம் இன்னும் போடவில்லை, அதற்கு இரண்டாவது மனு போயிருக்கிறது.

நீங்கள் அளக்கும்போது சந்தை நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்த்துவிடுங்கள். சந்தை நாளில் வண்டி எல்லாம் ஊர்ந்துதான் போகும், வீடியோ உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.