கையெழுத்துப் போட்டார், கூட நிற்கவில்லை

மேடம், வணக்கம்.

எனக்கு 31 வயது. ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊர். ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வயதில் மகள், 13 மாதத்தில் மகன். இரண்டுமே சிசேரியன்.

மகன் பிறந்த பிறகு எனக்கு மாதவிலக்கே வரவில்லை. அவன் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தான். "பால் குடிக்கிற வரைக்கும் தங்காது" என்று மாமியாரும் சொன்னார், என் அம்மாவும் சொன்னார். பிரசவத்தின்போது நர்ஸ் காப்பர் டி பற்றிக் கேட்டார். கணவர், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஆணுறை அவருக்குப் பிடிக்காது. மகனுக்குப் பத்து மாதம் ஆனபோது எனக்கு ஒரே வாந்தி. ஸ்கேனில் ஏழு வாரம் என்றார்கள்.

"போன ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட ஆகலை, ஆபத்து கூடுதல்தான். முடிவு உங்களுடையது" என்றார் டாக்டர். இரண்டு ராத்திரி தூங்காமல் யோசித்தேன். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கணவரும் சரி என்றார். மருத்துவமனையில் அவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாத்திரை கொடுத்தார்கள்.

இதை அம்மா அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு முறை ஐவிஎஃப் செய்தும் நிற்கவில்லை. போனில் அழுதாள். "ஒரு உயிரைக் கொன்னுட்டு எப்படிடி உனக்குச் சோறு இறங்குது? எனக்குக் கொடுத்திருந்தா நான் வளர்த்திருப்பேனே" என்றாள். அதன் பிறகு பேசவில்லை. இது சட்டப்படி குற்றம் என்கிறார் மாமா.

கணவரிடம் சொல்லி அழுதால், "நீதான் கவனமா இருந்திருக்கணும். நீ கேட்டே, நான் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்" என்கிறார். இனிமேல் குழந்தை வேண்டாம், நீங்கள் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று கேட்டேன். மாமியார் குறுக்கே வந்து, "தறி ஓட்டுறவனுக்குப் பலம் போயிடும்" என்றார். இப்போது கணவர் பக்கத்தில் வந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. மகனைத் தூக்கும்போதெல்லாம் அந்த இன்னொன்று ஞாபகம் வருகிறது. நான் செய்தது பாவமா மேடம்? இந்த உறுத்தல் ஆயுசுக்கும் இருக்குமா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். "நீதான் கவனமா இருந்திருக்கணும்." இந்த வாக்கியத்தை எத்தனையோ பெண்கள் என் முன்னால் உட்கார்ந்து சொல்லி அழுதிருக்கிறார்கள். எல்லாருக்கும் அதைச் சொன்னவர், அந்தக் கர்ப்பத்தில் சரிபாதி பங்குள்ளவர்.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். காப்பர் டி வேண்டாம் என்றவர் அவர். ஆணுறை பிடிக்காது என்றவரும் அவர்தான். உங்களிடம் மிச்சம் இருந்தது இரண்டு பெரியவர்கள் சொன்ன ஒரு நம்பிக்கை. அது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டாமல் இருக்க வேண்டும், கஞ்சி, தண்ணீர் எதுவும் இல்லாமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடிக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பாலூட்டுவது நல்ல தடுப்பு. அதிலும் முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வந்துவிடலாம். அதனால் "இன்னும் குளிக்கவில்லையே" என்ற தைரியம் உதவாது. இதை யாரும் உங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை. நீங்கள் அலட்சியமாக இருந்ததாக நான் நினைக்கவில்லை.

மாமா சொன்னது தவறு. ஆங்கிலேயர் காலத்துத் தண்டனைச் சட்டத்தில் கருக்கலைப்பு குற்றமாக இருந்தது, அந்தப் பெண்ணுக்கே தண்டனை இருந்தது. 1971-இல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அதில் வழி திறந்தது. தாயின் உடலுக்கோ மனதுக்கோ கடும் பாதிப்பு வரலாம் என்றாலோ, கருத்தடை முறை தவறிப்போனாலோ, 20 வாரம் வரை தகுதியுள்ள ஒரு மருத்துவரின் கருத்தோடு செய்யலாம். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை, மருத்துவமனைகள்தான் வாங்கி வைத்துக்கொள்கின்றன. உங்களுக்கு வேண்டியிருந்ததும் அந்தக் கையெழுத்து இல்லை. அக்கா போனில் அழுதபோது, "இது நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இன்னும் காலம் கடந்துவிடவில்லை. இந்தப் பதிலை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பாவமா என்று கேட்டீர்கள். கரு எந்த நாளில் உயிராகிறது என்பதில் என்னிடம் வருகிறவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உருவான நொடியிலிருந்தே உயிர் என்று மனதார நம்புகிறவர்கள் உண்டு, அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். என் கருத்து இது: ஏழு வாரக் கருவையும், உங்களையும், பால் மறக்காத ஒரு குழந்தையையும், ஆறு வயது மகளையும் ஒரே தராசில் வைத்து எடை பார்க்க வேண்டிய நிலையில் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதமாவது இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்குக் கிடைத்தது ஒன்பது மாதம்கூட இல்லை. இரண்டு ராத்திரி விழித்திருந்து, மருத்துவரிடம் கேட்டு எடுத்த முடிவு அது. நீங்கள் பொறுப்போடுதான் நடந்துகொண்டீர்கள்.

மகனைத் தூக்கும்போது மனது கலங்குவது துக்கம். தவறு செய்ததற்கான சாட்சி என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நிம்மதியும் துக்கமும் ஒரே நாளில் மாறி மாறி வரும். அமெரிக்காவில் ஏறத்தாழ ஆயிரம் பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். கருக்கலைப்பு செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் அது சரியான முடிவுதான் என்றே கடைசிவரை சொன்னார்கள், வேதனையும் வருடம் போகப் போகக் குறைந்தது. அந்த நாடு வேறு, நம் வீடு வேறு. ஆனாலும் ஆயுசுக்கும் உறுத்தும் என்று இப்போதே நீங்கள் முடிவு கட்ட வேண்டாம்.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் சொன்ன சொல் கொடுமையானது, நீங்கள் அதைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்பது வருடம் ஊசியும் மாத்திரையுமாக வாழ்ந்து, விசேஷ வீட்டுக்குப் போனால் "இன்னும் ஒண்ணும் இல்லையா" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு நொந்துபோனவர் அவர். அவருக்கு வராத ஒன்று உங்களுக்கு வேண்டாததாக வந்தது. எந்த விவாதத்தாலும் அந்த வலியைத் தீர்க்க முடியாது, அதனால் யார் சரி என்று அவரோடு பேசாதீர்கள். நேரில் போங்கள், அம்மாவை அழைத்துக்கொண்டு போக வேண்டாம். "நீ சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுது அக்கா. உனக்கு வலிச்சதும் எனக்குத் தெரியுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் சிகிச்சை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டால், இரண்டு மாதம் விட்டு மறுபடி போங்கள். கருக்கலைப்பு தப்பு என்ற எண்ணத்தை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளாமல் இருக்கலாம், அப்படியும் அக்கா தங்கையாக இருக்க முடியும். அம்மாவிடமும் ஒரு தடவை கண்டிப்பாகப் பேசுங்கள், இது அவர் சொல்ல வேண்டிய சேதி இல்லை.

உங்கள் மாமியாரின் பயம் அவர் ஒருவருடையது இல்லை. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் மணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட வீடுகள் ஆயிரத்துக்கு மூன்று. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு முறை வயிற்றைத் திறந்தாகிவிட்டது. ஆணுக்குச் செய்வதோ, மரத்துப்போக ஊசி போட்டு விந்துக் குழாயை மட்டும் அடைக்கும் சின்னச் சிகிச்சை. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆண் ஹார்மோன் வழக்கம்போலச் சுரக்கும், உடல் பலமும் உறவும் மாறாது. சில நாள் ஓய்வுக்குப் பிறகு தறிக்குப் போகலாம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் சரி என்று வரும்வரை வேறு தடுப்பு கட்டாயம் வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் நிதானமாக இருங்கள். கோபத்தில் கேட்டு வாங்கும் ஆபரேஷன் பின்னால் சண்டையாகத் திரும்பும். அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், அவருடைய கேள்விகளை அவரே மருத்துவரிடம் கேட்கட்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். கருக்கலைப்புக்குப் பிறகு இரண்டு வாரத்திலேயே மறுபடி தங்கலாம், உங்களுக்கு மூன்று மாதம் ஓடிவிட்டது. முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு காப்பர் டி போட்டுக்கொள்ளலாம், அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி. இரண்டுமே அரசு மருத்துவமனையில் இலவசம், பால் கொடுப்பதற்கும் தடையில்லை. அதற்கு முன் கணவர் பக்கத்தில் வந்தால், ஆணுறை இல்லாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

தூக்கம் தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால், மகனைத் தூக்கவே கை வராவிட்டால், வாழ்ந்து என்ன என்று ஒரு நொடி தோன்றினாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அக்காவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.