வேறு உலகத்திலிருந்து வந்த மர்மக் குழந்தைகள் பற்றிய கதைகளையே படிக்கும் பிள்ளை வீட்டோடு ஒட்டாமல் போய்விடுமா?

போகாது. உறுதியாகச் சொல்கிறேன்.

கேள்வியில் நீங்கள் விவரம் எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது, எந்நேரமும் புத்தகமும் கையுமாகத் திரிகிறது, ஏதோ ஒரு கோபத்தில் "நான் இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை" என்று சொல்லிவிட்டது, அதில் நீங்கள் ஆடிப்போயிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தன் உண்மையான பெற்றோர் வேறு எங்கோ இருக்கிறார்கள் என்று குழந்தைகள் கற்பனை செய்வதைப் பற்றி, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டு 1909-லேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அறிவியல் புனைகதை என்று ஒரு வகை பெயர் பெறுவதற்கு முன்பே இந்த எண்ணம் பிள்ளைகளுக்கு இருந்திருக்கிறது. புத்தகம் அதைக் கொண்டுவந்து புகுத்தவில்லை.

"ஒட்டாமல் போய்விடுமா" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என்னையும் என் தம்பியையும் பற்றி ஒரு வீட்டுக் கூடத்தில் இதே பேச்சு நடந்தது. காரணமாகச் சொல்லப்பட்டதும் இதே மாதிரி ஒரு புத்தகம்தான்.

அப்பாவும் அம்மாவும் மஸ்கட்டில் இருந்தார்கள். எங்கள் இருவரையும் திருச்சியில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். பெரியம்மா, பெரியப்பா இருவரும் நல்லவர்கள். சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. இதைப் படிக்கும் யாரும் நான் வளர்த்தவர்களைக் குறை சொல்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். ஆனால் எதற்காக எங்களை அங்கே விட்டார்கள், எப்போது திரும்ப அழைத்துக்கொள்வார்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கேட்டால் "நல்லாப் படி, அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். தம்பி கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்து, கடைசியில் என்னிடம் மட்டும், அதுவும் காதோரம், பேசுகிறவனாக ஆகிவிட்டான். பள்ளியில் ஆசிரியை கேட்டால் தலையசைப்பான். தண்ணீர் வேண்டும் என்றால்கூட என்னிடம் சொல்லி, நான் போய்க் கேட்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் வாடகை நூலகத்திலிருந்து அலெக்சாண்டர் கீ எழுதிய 'எஸ்கேப் டு விட்ச் மவுண்டன்' கையில் கிடைத்தது. அமெரிக்காவில் 1968-ல் வெளிவந்த நாவல். டோனி, டியா என்று அண்ணனும் தங்கையும். வளர்த்த பாட்டி இறந்ததும் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றில் கொண்டுபோய் விடுகிறார்கள். டியா தொட்டால் பூட்டு திறந்துகொள்ளும். அவள் பேசினால் மற்ற யார் காதிலும் விழாது, டோனிக்கு மட்டும் கேட்கும். தாங்கள் யார், எங்கிருந்து வந்தோம் என்று இருவருக்கும் தெரியாது. இரட்டை நட்சத்திரம் பொறித்த ஒரு சிறு பெட்டி மட்டும் இருக்கிறது. திடீரென்று ஓர் ஆள் "நான் உங்கள் மாமா" என்று காகிதங்களோடு வந்து நிற்கிறான். இருவரும் தப்பி ஓடுகிறார்கள்.

அண்ணனுக்கு மட்டும் கேட்கும் தங்கை என்ற இடத்தைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இருந்த ஒன்றை, எங்களைப் பார்த்தே இராத யாரோ ஒருவர் எழுதி வைத்திருந்தார்! ராத்திரி மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு தம்பிக்குத் தமிழில் சொன்னேன். எனக்கு இருந்த ஆங்கிலத்தில் புரியாத இடங்களை நானே இட்டுக்கட்டினேன். அவன் நடுவில் கேட்டான்: "அக்கா, நாமளும் அப்படி வந்தவங்கதானா?"

இதைப் படிக்கட்டில் ஏறி வந்த பெரியப்பா கேட்டுவிட்டார். மறுநாள் கூடத்தில் பஞ்சாயத்து. "இந்த மாதிரிக் கதையெல்லாம் படிச்சா இந்த வீட்டோட எப்படி ஒட்டும்?" என்றார். புத்தகத்தை வாங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். அவர் பயந்தது இப்போது எனக்குப் புரிகிறது. ஊரான் பிள்ளைகளை வளர்க்கிற பொறுப்பு. ஆனால் அன்றைக்கு அவர் தம்பியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கேட்டது அத்தை, அதாவது பெரியப்பாவின் தங்கை. விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் ஒரு பள்ளி ஆசிரியை. புத்தகத்தை எடுத்து ஒரே இரவில் படித்து முடித்துவிட்டு, காலையில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பெட்டியில என்னடா இருந்துச்சு? எனக்கு அந்த இடம் சரியா விளங்கலை" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "வரைபடம்" என்றான். அப்புறம், அது எப்படிப்பட்ட வரைபடம் என்று மெல்ல மெல்லச் சொல்ல ஆரம்பித்தான். பெரியம்மா அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

உடனே ஒருவர் வந்து, "கதை சொன்னால் பேச்சு வந்துவிடுமா, இது மருத்துவ விஷயம்" என்று பின்னூட்டம் போடுவார். ஆமாம், மருத்துவ விஷயம்தான். வீட்டில் பேசி வெளியே பேசாத குழந்தை இருந்தால் தயவுசெய்து குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எங்களுக்கும் அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பள்ளியில் அவன் பேசப் பல வருடங்கள் பிடித்தன. ஆனால் அந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொருவரோடு அவன் பேசத் தொடங்கியது இந்தப் புத்தகத்தைப் பற்றித்தான். அதை யார் மறுத்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, கதைகளுக்கு வருகிறேன். இந்த வகைக் கதைகளில் பறப்பதும் பூட்டைத் திறப்பதும் எல்லார் கண்ணிலும் படும். அந்தப் பிள்ளைகளை நம்புகிற பெரியவர் யார் என்று தேடிப் பாருங்கள், அங்கேதான் கதையின் உயிர் இருக்கும். டோனிக்கும் டியாவுக்கும் ஓடே என்ற பாதிரியார். அதே அலெக்சாண்டர் கீ 1965-ல் எழுதிய 'தி ஃபர்காட்டன் டோர்' நாவலில் ஜான் என்ற சிறுவன் வேறு உலகத்திலிருந்து ஒரு வாசல் வழியாக இங்கே விழுந்து, தான் யார் என்பதையே மறந்துபோய்க் கிடக்கிறான். காசு என்றால் என்ன, ஒருவரை ஒருவர் ஏன் கொல்கிறார்கள் என்று அவனுக்கு விளங்குவதில்லை. அக்கம்பக்கத்தார் சந்தேகப்பட, பீன் என்ற குடும்பம் மட்டும் அவனை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறது. கடைசியில் அந்தக் குடும்பம் எடுக்கிற முடிவை இங்கே சொல்ல மாட்டேன். உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

ஜென்னா ஹெண்டர்சன் என்று அரிசோனாவைச் சேர்ந்த ஓர் எழுத்தாளர், பள்ளி ஆசிரியை. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு அடைத்து வைத்த முகாம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். 1952 முதல் அவர் எழுதிய கதைகளில், தங்கள் கிரகம் அழிந்து இங்கே வந்தவர்கள் மலைப்பள்ளத்தாக்கில் ஒளிந்து வாழ்கிறார்கள். வெளியார் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று பிள்ளைகள் பறக்காமல் காலைத் தரையில் தேய்த்து நடக்க வேண்டும். தன் இயல்பை மறைத்து நடக்கும் பிள்ளை எப்படி இருக்கும் என்று வகுப்பறையில் பார்த்தவர் எழுதிய எழுத்து அது.

இதற்கு நேர் எதிர், ஜான் விண்டம் 1957-ல் எழுதிய 'தி மிட்விச் குக்கூஸ்'. ஓர் ஆங்கிலக் கிராமத்தில் பொன்னிறக் கண்களோடு ஒரே சமயத்தில் பிறக்கும் குழந்தைகள். அது முழுக்கப் பெரியவர்களின் பயத்தில் இருந்து எழுதப்பட்ட கதை. நல்ல நாவல்தான், ஆனால் இளையோருக்கானது இல்லை. இதன் திரைப்பட வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு இந்த வகையே இப்படித்தான் என்று பயப்படுகிறவர்கள் நிறைய.

பயம் ஒன்றும் புதிதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வூல்பிட் கிராமத்தில் பச்சை நிறத் தோலோடு ஒரு பையனும் அவன் உடன்பிறந்த பெண்ணும் வந்து சேர்ந்ததாக அக்காலத்து வரலாற்று ஆசிரியர்கள் இருவர் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேசிய மொழி யாருக்கும் புரியவில்லை. பையன் இறந்துவிட்டான். பெண் பிழைத்து, ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழகி, பச்சை நிறம் போய், அவர்கள் மொழியையும் கற்றுக்கொண்டு, சூரியன் இல்லாத நாட்டிலிருந்து வந்ததாகச் சொன்னாளாம். படிக்கும்போதெல்லாம் அந்தப் பையனை நினைத்து மனம் கனக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தப் புத்தகங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நான் படித்த பள்ளியில் நூலகம் என்று ஓர் அறை இருந்தது. அலமாரிகள் முழுக்கக் கதைப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் பூட்டு. "கிழிச்சிடுவீங்க" என்பதுதான் காரணம். நூலக வகுப்பு வந்தால் கணக்கு ஆசிரியர் வந்து நிற்பார். ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்று மட்டும் அலமாரி திறக்கும். இந்த மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது, சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அப்படியிருந்தும் என் வீட்டுப் பக்கத்துக் கிளை நூலகத்தில் பதின்வயதுப் பிள்ளைக்கு என்று தனியாக ஒரு தட்டு கிடையாது. போட்டித் தேர்வுக் கையேடுகளுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. கேட்டால், "யாரும் படிக்கிறதில்லைங்க" என்கிறார்கள். கண்ணில் காட்டாததை எப்படிப் படிப்பார்கள்? ஆங்கிலப் புத்தகங்களைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். தமிழில் இந்த வயதுக்கு இப்படி எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

உங்கள் பிள்ளைக்கு இன்னும் படிக்கக் கொடுக்கவில்லை என்றால் 'தி ஃபர்காட்டன் டோர்' நாவலில் தொடங்குங்கள். சின்னப் புத்தகம், எளிய ஆங்கிலம். விட்ச் மவுண்டன் கதையை 1975-ல் டிஸ்னி படமாக எடுத்தது. நாவலில் இருக்கும் பாதிரியார் அதில் இல்லை, ஆனாலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். 2009-ல் வந்த படத்தில் டாக்சி ஓட்டுநர்தான் கதாநாயகன், பிள்ளைகள் அவர் பின்னால் ஓடுகிறார்கள். அதை அவசரப்பட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளை படித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி நீங்களும் படியுங்கள். "இதுல என்ன கத்துக்கிட்டே" என்று மட்டும் கேட்காதீர்கள், உங்களுக்கு விளங்காத இடத்தைக் கேளுங்கள்.