தினசரி போடும் ஷூவுக்கு எத்தனை சென்டிமீட்டர் ஹீல் சரியாக இருக்கும்?

வேலைக்குப் போக, மாடிப்படி ஏற, மணிக்கணக்கில் நிற்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: 2 முதல் 3 சென்டிமீட்டர், அடி அகலமான பிளாக் ஹீல். நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவள் நான். வகுப்புக்குப் போடுவது இந்த அளவில்தான்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஹீல் உயரம் என்று சொல்வது பின்பக்கம் அளந்தது. காலைப் படுத்துவது அது இல்லை, சரிவு. அதாவது, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். பின்னால் 5 செ.மீ. இருந்தாலும், முன்பாதத்துக்கு அடியில் 2 செ.மீ. தடிமன் இருந்தால் உங்கள் கால் நிற்பது 3 செ.மீ. சரிவில்தான். அதே 5 செ.மீ. ஹீலுக்கு முன்னால் மெல்லிய அடி இருந்தால் சரிவு முழுவதும் காலில்தான் இறங்கும். பாதத்தின் நீளமும் கணக்கில் வரும். 36 சைஸ் காலுக்கு ஒரு ஹீல் எவ்வளவு செங்குத்தாக இருக்குமோ, 41 சைஸ் காலுக்கு அவ்வளவு இருக்காது. அதனால் தோழிக்குச் சுகமாக இருக்கும் உயரம் உங்களுக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

குதிகால் உயர உயர உடல் எடை முன்பாதத்துக்கு நகர்கிறது. சாயங்காலம் விரல்களுக்குக் கீழே எரிகிறதே, அது இதனால்தான். பாதம் வேறு முன்னால் வழுக்கிப் போய் விரல்களை நெருக்கும். கெண்டைக்கால் சதையும் சுருங்கிய நிலையிலேயே பழகிவிடும், குதிகால் நாண் விறைத்துப்போகும். இதனால்தான் வருடக்கணக்கில் 7 செ.மீ. போட்டவர்கள் திடீரென்று பிளாட்ஸுக்கு மாறினால் கெண்டைக்கால் இழுக்கிறது, குதிகால் வலிக்கிறது. "பிளாட்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளும், 7-இலிருந்து 5, அப்புறம் 3 என்று சில வாரங்கள் இடைவெளி விட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் தட்டையாகவே போட்டுவிடலாமா? அடி மெல்லிசாக, நடுவில் இரண்டாக மடிகிற பிளாட்ஸை நான் தினசரிக்குச் சொல்ல மாட்டேன். குதிகால் வலி இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் உயரமும் பாதவளைவுக்கு ஒரு தாங்கலும் இருந்தால்தான் பெரும்பாலும் இதமாக இருக்கும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள், கால் அப்போதுதான் லேசாக வீங்கியிருக்கும். முதலில் ஷூவைச் சமமான மேசையில் வைத்து, ஹீலின் மேல்பக்கத்தை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். அப்புறம் போட்டுக்கொண்டு அசையாமல் நின்று, உள்ளே விரல்களை மட்டும் மேலே தூக்குங்கள். எளிதாகத் தூக்க வந்தால் எடை இன்னும் குதிகாலில் இருக்கிறது என்று அர்த்தம். விரல்கள் அடியைப் பிடித்துக்கொண்டு எழ மறுத்தால் அந்தச் சரிவு உங்களுக்கு அதிகம். பாதத்தின் மேல் ஒரு பட்டை இருந்தால் இன்னும் நல்லது, முன்னால் வழுக்காது.

5 செ.மீ.க்கு மேல் ஆசையாக ஒரு ஜோடி இருந்தால் தாராளமாக விசேஷங்களுக்குப் போடுங்கள், என்னிடமும் இருக்கிறது. ஆனால் விரல்கள் மரத்துப்போவதும் குதிகால் வலியும், ஷூவை மாற்றிச் சில வாரங்கள் ஆகியும் தீரவில்லை என்றால், அடுத்த ஜோடியைத் தேடாமல் எலும்பு மருத்துவரிடம் காலைக் காட்டிவிடுங்கள்.