மூன்றரை மாதம் நின்ற கார் ஸ்டார்ட் ஆகவில்லை: புதிய பற்றரி வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறோம். 2014ஆம் ஆண்டு மாருதி அல்டோ, கை கியர். மகளின் பிரசவத்துக்காகக் கனடா போய், கார்த்திகை தொடக்கத்திலிருந்து மாசி நடுப்பகுதி வரை வீட்டில் யாரும் இல்லை. கார் மாமரத்தடியில் தகரக் கொட்டிலுக்குள் நின்றது. வந்து திறப்பைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்று சத்தம் மட்டும்தான். பக்கத்து வீட்டுத் தம்பி தன் வானிலிருந்து வயர் போட்டான். இஞ்சின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துக் களைத்துப் போனோம். கராஜில் கேட்டால், பற்றரி செத்துவிட்டது, புதிது போடுங்கள் என்கிறார்கள். போடட்டுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் பற்றரியில் கரண்ட் இல்லை என்பது உண்மை. ஆனால் அது செத்துவிட்டதா, வெறுமனே இறங்கிக் கிடக்கிறதா என்று இன்னும் யாரும் அளந்து பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வயர் போட்டதும் இஞ்சின் சுற்றியிருக்கிறது, அப்படியும் பிடிக்கவில்லை. அப்படியென்றால் கோளாறு இரண்டு. ஒன்று பற்றரிப் பக்கம், மற்றது பெற்றோல் அல்லது தீப்பொறிப் பக்கம். புதிய பற்றரி போட்டால் முதலாவது மட்டும்தான் தீரும். காசும் போய், காரும் கொட்டிலுக்குள்ளேயே நிற்கும்.

இனிக் கொஞ்ச நேரம் திறப்பைத் தொடாமல் பொனற்றைத் திறந்து பாருங்கள். மாரி காலத்தில் எலிக்கு நனையாத இடம் ஒன்று வேண்டும். மூன்று மாதம் யாரும் திறக்காத கார் அதற்கு நல்ல வீடு. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றி மூடியைத் தூக்குங்கள். உள்ளே தேங்காய்த் தும்பு, காய்ந்த இலை, கடித்துப் போட்ட விதைகள், கிழித்த கடதாசி கிடந்தால் விருந்தாளி வந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். ஃபில்டரையே கடித்து ஓட்டையாக்கியிருந்தால் அந்தக் குப்பை நேரே இஞ்சினுக்குள் போகும். அதனால் இதைப் பார்க்காமல் மறுபடி சுற்றவே வேண்டாம். வெறுங்கையால் அள்ளாதீர்கள், கையுறை போடுங்கள். எலியின் சிறுநீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும்.

பிறகு வயர்களைப் பாருங்கள். இஞ்சினுக்கு மேலே, பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கும் தீப்பொறி தரும் இக்னிஷன் கொயிலுக்கும் போகிற மெல்லிய வயர்கள்தான் எலிக்குப் பிடித்தவை. வயர் தானாக வெடித்திருந்தால் பிளாஸ்டிக்கில் நீளமாக ஒரு பிளவு தெரியும். எலி கடித்த இடம் அப்படி இராது. சின்னச் சின்னப் பல் பதிவோடு பிளாஸ்டிக் உரிந்து, நடுவில் செப்புக் கம்பி மினுங்கும். டோர்ச் அடித்து, வயரை மெதுவாகப் புரட்டிக் கீழ்ப்பக்கமும் பார்க்க வேண்டும். மேலால் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடுகிறவர்கள் நிறைய. சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்ற கதைக்கு இது ஒரு முக்கிய காரணம். பொனற் திறந்திருக்கும்போதே ஒயில் குச்சியையும் இழுத்துப் பார்த்துவிடுங்கள். ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை மெக்கானிக் பார்க்கும்வரை இஞ்சினைச் சுற்றக் கூடாது.

சரி, பற்றரிக்கு வருவோம். காரைப் பூட்டிவிட்டுப் போனாலும் அது முழுதாக உறங்குவதில்லை. மணிக்கூடு, ரேடியோவின் நினைவு, இஞ்சின் கம்ப்யூட்டர், அலாரம் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி அம்பியர் வரை சாதாரணம். உங்கள் காரில் 30 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 அம்பியர்-அவர் (பற்றரி தேக்கும் கரண்டை அளக்கும் அலகு) போகிறது. அல்டோ மாதிரிச் சின்னக் காரில் இருப்பது 35 அம்பியர்-அவர் பற்றரி. முழுதாக நிரம்பி இருந்தாலும் ஏழு கிழமையில் காலியாகிவிடும். ஸ்டார்ட்டரை, அதாவது இஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டாரை, சுற்றும் பலம் அதற்கு வெகு முன்னமே போய்விடும். நீங்கள் போனது மூன்றரை மாதம். ஆகவே பற்றரி இறங்கியதில் அதிசயம் எதுவுமில்லை, அதை வைத்துப் பற்றரி கெட்டது என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஈய-அமிலப் பற்றரி இறங்கின நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படியும். நாள் போகப் போக அது கரையாது. அதனால் இன்றைக்கே கழற்றி சார்ஜ் போடுங்கள்.

கழற்றும்போதே திருகோணமலைக்கே உரிய இன்னொரு வில்லங்கத்தையும் பார்த்துவிடலாம். மாரி முழுக்க வாடைக்காற்று கடலிலிருந்து வீசும், அதோடு உப்பும் வரும். உப்புவெளி, நிலாவெளி, டொக்யார்ட் பக்கத்து வாகனங்களில் பற்றரி முனைகளைப் பார்த்தாலே அது தெரியும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, தொட்டால் மாவாக உதிரும். அமில ஆவியும் உப்புக்காற்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. கிளிப்புக்கும் முனைக்கும் நடுவில் அந்தப் படை இருந்தால், பற்றரி நல்லதாக இருந்தாலும் ஸ்டார்ட்டருக்கு வேண்டிய கரண்ட் போகாது. மீட்டர் விளக்கு எரியும், ஹோர்ன் அடிக்கும், ஸ்டார்ட்டர் மட்டும் டக் என்று நின்றுவிடும்.

முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு என்ற ஒழுங்கில் கழற்றுங்கள். மாறிச் செய்தால் ஸ்பனர் காரின் பொடியில் (இரும்பு உடலில்) பட்டுப் பொறி பறக்கும். ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பல்துலக்கியால் முனைகளையும் கிளிப்பின் உள்வட்டத்தையும் தேய்த்தால் நுரைத்து உருகும். பற்றரி மூடித் துவாரங்களுக்குள் அந்தத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஈயம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் ஒரு தேய். திரும்பப் பூட்டும்போது சிவப்பு முதலில். பூட்டிய பிறகு மேலே கொஞ்சம் வஸ்லின் பூசுங்கள், அடுத்த மாரிக்குத் தாங்கும். கறுப்பு வயரின் மறுமுனை பொடியிலும் கியர் பெட்டியிலும் பூட்டியிருக்கும் இடத்தையும் மறக்க வேண்டாம். அங்கே கறள் பிடித்திருப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. புதுப் பற்றரி போட்டும் அதே கோளாறு என்று திரும்பி வருகிற கடலோரக் கார்களில் நான் முதலில் பார்ப்பது அந்த நட்டைத்தான்.

சார்ஜ் மெதுவாகப் போட வேண்டும். 3 அல்லது 4 அம்பியரில் ஓர் இரவு. பற்றரிக் கடையில் அவசரமாக ஒரு மணித்தியாலத்தில் ஏற்றித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் போடுவதென்றால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், ஐதரசன் வாயு வரும், பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு கூடாது. சார்ஜரைக் கழற்றி இன்னோர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் காலையில் வோல்ட் காட்டும் மல்டிமீற்றர் வைத்து அளவுங்கள். 12.6 வோல்டோ அதற்கு மேலோ நின்றால் பற்றரிக்கு உயிர் இருக்கிறது. 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் அது சார்ஜைத் தாங்கவில்லை. கடைசிச் சோதனை காரில் பூட்டிய பிறகு. ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற, இன்னொருவர் மீற்றரைப் பார்க்க வேண்டும். சுற்றும்போது 9.6 வோல்டுக்குக் கீழே விழுந்தால் மாற்றத்தான் வேண்டும், அப்போது தாராளமாக வாங்குங்கள்.

வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணுவது அவசரத்துக்கு ஆகும், ஒழுங்கு பிசகக் கூடாது. சிவப்பு வயரின் ஒரு முனை இறங்கின பற்றரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பற்றரியின் பிளஸ்ஸில். கறுப்பு வயர் முதலில் நல்ல பற்றரியின் மைனஸில். அதன் மறுமுனையை உங்கள் பற்றரியில் பூட்டாமல், தள்ளி இஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் பூட்டுங்கள். கடைசி வயர் தொடும்போது பொறி வரும், அது பற்றரிக்கு மேலே வரக் கூடாது. தம்பியின் வானை ஓடவிட்டு ஐந்து பத்து நிமிடம் பொறுத்த பிறகு அடியுங்கள். ஒரு தடவைக்கு 10 செக்கனுக்கு மேல் வேண்டாம், அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் கருகும்.

இனி இரண்டாவது கோளாறு. நல்ல பற்றரி பூட்டியாயிற்று, இஞ்சின் கலகலவென்று சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? கண்ணாடிகளை மூடி, ரேடியோவை நிறுத்தி, திறப்பை ஸ்டார்ட் வரை போகாமல் ஒன் நிலையில் மட்டும் வையுங்கள். இன்னொருவர் பின் சீற்றுக்குக் கிட்டக் காது வைக்கட்டும். 'உம்ம்' என்று இரண்டு செக்கன் மெல்லிய சத்தம் வந்து நிற்க வேண்டும். அதுதான் தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம்ப். சத்தமே இல்லையென்றால் பியூஸ், ரிலே, பம்ப் வயர் இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். பியூஸ் கால்களிலும் உப்புப் பூத்திருக்கும், கழற்றித் துடைத்துப் போட்டாலே சில வேளை சரியாகிவிடும். மீட்டரில் திறப்புப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் திறப்பை அடையாளம் காணவில்லை. மற்றத் திறப்பை எடுத்து முயன்று பாருங்கள்.

பம்ப் ஓடினால் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றுங்கள். காய்ந்து கிடந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. நனைந்து பெற்றோல் மணத்தால், பெற்றோல் வருகிறது, தீப்பொறிதான் போதவில்லை. நீங்கள் அடித்த அடிக்கு நனைந்துதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இறங்கின பற்றரியோடு திரும்பத் திரும்பச் சுற்றும்போது பொறி பலவீனமாக இருக்கும், பெற்றோல் மட்டும் போய்ச் சேர்ந்து பிளக்கை மூழ்கடித்துவிடும். பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காய வைத்துப் பூட்டுங்கள். அப்புறம் எக்ஸிலேட்டரை அடி வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு செக்கன் சுற்றுங்கள். இன்ஜெக்ஷன் கார்களில் பெரும்பாலானவை அப்படி மிதித்தால் பெற்றோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும், உள்ளே தேங்கியது வெளியேறும். பிடிக்கத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள். உங்கள் காரைப் பொறுத்தவரை இது ஒன்றிலேயே விஷயம் முடியலாம்.

கார் கை கியர்தானே, தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே என்று யாராவது சொல்வார்கள். பற்றரி மட்டும் பலவீனம் என்றால் தள்ளலாம். சுற்றியும் பிடிக்காத இஞ்சினைத் தள்ளக் கூடாது. எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் கெடுக்கும், அந்தச் செலவு பற்றரி விலையைவிடப் பல மடங்கு. ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவே முடியாது. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் செம்மஞ்சள் வயர்களைத் தொட வேண்டாம், அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் வோல்டேஜ். அந்தக் காரிலிருந்து மற்றவர்களுக்கு வயர் போட்டுக் கொடுக்கவும் வேண்டாம்.

பழைய பெற்றோலைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. மூடிய தாங்கியில் மூன்றரை மாதம் இருந்தது பெரும்பாலும் எரியும். மெல்லிய பகுதி ஆவியாகிப் போயிருப்பதால் முதல் பிடிப்புக் கொஞ்சம் கடினமாக இருக்கும், அவ்வளவுதான். ஐந்து லீற்றர் புதுப் பெற்றோல் ஊற்றிக் கலந்தால் போதும். ஒரு வருடம் நின்ற கார், அல்லது மூடியைத் திறந்ததும் வார்னிஷ் மாதிரிப் புளித்த மணம் என்றால், தாங்கியை வடித்துக் கழுவிய பிறகே ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

இஞ்சின் பிடித்துவிட்டதா? உடனே உறுமவிடாதீர்கள். ஓரிரு நிமிடம் சும்மா ஓடட்டும், ஒயில் விளக்கு அணைந்ததா பாருங்கள், பற்றரியில் மீற்றரை வைத்துப் பாருங்கள். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் காட்டினால், பற்றரியைச் சார்ஜ் பண்ணும் அல்டர்நேட்டர் வேலை செய்கிறது. கார் நகர மறுத்து, பின்பக்கம் இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால் கை பிரேக் போட்டபடியே விட்டுப் போயிருக்கிறீர்கள். பின்சில்லின் பிரேக் ட்ரம்முக்குள் கறள் பிடித்து ஒட்டியிருக்கும். எக்ஸிலேட்டரை மிதித்து இழுக்க வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், 'டொக்' என்று விட்டுவிடும். விடாவிட்டால் சில்லைக் கழற்றி ட்ரம்மைத் தட்ட வேண்டும். ரயர்களுக்குக் காற்று அடித்து, ஒழுங்கைக்குள்ளேயே பிரேக்கை இரண்டு மூன்று தரம் மிதித்துப் பார்த்த பிறகு பெருந்தெருவுக்கு ஏறுங்கள். நீங்கள் இல்லாத நாளில் வருமான அனுமதிப்பத்திரமோ காப்புறுதியோ முடிந்திருக்கலாம், திகதியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டம் நிலாவெளி வரை போய் வந்தால் அரை மணித்தியாலமாவது ஆகும், குச்சவெளி வரை போனால் பற்றரிக்கு இன்னும் நல்லது.

அடுத்த தடவை கனடா போகும்போது ஒரு ஸ்பனரால் மைனஸ் வயரைக் கழற்றி, துணி சுற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போங்கள். ரேடியோவும் மணிக்கூடும் மறந்துபோகும், பற்றரி மாதக்கணக்கில் தாங்கும். கை பிரேக்கை விட்டு முதல் கியரில் நிறுத்தி, சில்லுகளுக்கு மரக்கட்டை வையுங்கள். தாங்கியை நிரப்பிவிட்டுப் போனால் ஈரக்காற்று நுழைந்து தண்ணீர் கட்ட இடமிராது. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் திறப்பைக் கொடுக்கிறீர்கள் என்றால், கிழமைக்கு ஒரு தரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தச் சொல்லாதீர்கள். ஸ்டார்ட்டர் எடுத்த கரண்ட்கூட அந்த ஐந்து நிமிடத்தில் ஒழுங்காகத் திரும்பி ஏறாது. இரண்டு கிழமைக்கு ஒரு தரம் மைனஸைப் பூட்டி, அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டு, திரும்பக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பொனற்றைத் திறக்கும்போதே எலி வந்ததா என்றும் அவன் பார்த்துவிடுவான்.